அருகருகே இரண்டு சாளரங்கள்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒவ்வொரு மாணவியின் பெயரும் பொதுத்தேர்வுக்குச் சில மாதங்கள் முன்பாக ஒரு பட்டியலில் ஏறுகிறது. 'நாமினல் ரோல்' என்று ஆசிரியைகள் குறிப்பிடுவது அதைத்தான். அந்தப் பட்டியலில் நம் பெயர் எப்படி இருக்கிறதோ, முன்னெழுத்து எதுவோ, பிறந்த தேதி என்னவோ, அப்படியே மதிப்பெண் சான்றிதழில் அச்சாகி வந்துவிடும். அதன்பின் மேல்நிலை வகுப்பு, கல்லூரி, உத்தியோகம், பாஸ்போர்ட் என்று எந்த வாசலில் போய் நின்றாலும் "பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். மதிப்பெண் குறைந்தால் அடுத்த தேர்வில் ஈடுகட்டிக்கொள்ளலாம். பிறந்த தேதியில் ஓர் எண் மாறிவிட்டால் அதை எந்தத் தேர்வு எழுதி ஈடுகட்டுவது?

ஆகவே அந்தப் பட்டியலைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் அவசியமான வேலை. முற்காலத்தில் இரண்டுமே காகிதம். இன்று பெரும்பாலும் இரண்டும் கணிப்பொறியில், 'எக்ஸெல்' போன்ற விரிதாள்களாக இருக்கின்றன. விரிதாள் என்றால் வேறொன்றுமில்லை. கணக்குப் பாடத்தில் அணிகள் படிக்கிறோமே, அதே நிரையும் நிரலும்தான். நிரைகள் குறுக்கே செல்லும். நிரல்கள் மேலிருந்து கீழே இறங்கும். இரண்டும் சந்திக்கும் இடம் ஒரு கட்டம். ஒரு நிரைக்கு ஒரு மாணவி, ஒரு நிரலுக்கு ஒரு விவரம் என்று வைத்துக்கொண்டால் வகுப்பு முழுவதும் ஒரே தாளில் அடங்கிவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? காகிதமாக இருந்தால் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைக்கலாம். கணிப்பொறியின் திரையோ ஒன்று. ஒரு பட்டியலைத் திறந்தால் அது திரை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. மற்றதைத் திறந்தால் முதலாவது அதன் பின்னால் மறைந்துவிடுகிறது. பிறகு என்ன செய்வார்கள்? முதல் பட்டியலில் ஒரு பெயரையும் தேதியையும் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டு, அதை மறைத்து, இரண்டாவதைக் கொண்டுவந்து, மனத்தில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். மறுபடியும் முதலாவது, மறுபடியும் இரண்டாவது. நாற்பது மாணவியர் என்றால் எண்பது முறை திரை மாற வேண்டும்.

இதில் தாளோடு தாளை ஒப்பிடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தாளோடு ஞாபகத்தைத்தான் ஒப்பிடுகிறோம். ஞாபகத்தின் கொள்ளளவு மிகச் சிறியது. ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், மனிதர் உடனடி நினைவில் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளக்கூடியவை ஏறக்குறைய ஏழு என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைக்கூட நான்காகக் குறைத்துவிட்டார்கள். பிறந்த தேதியை நாள், மாதம், வருடம் என்று எழுதினால் எட்டு இலக்கங்கள். அதோடு முன்னெழுத்து ஒன்று, பெயரின் எழுத்துக்கோவை வேறு! முதல் பத்துப் பெயர்களுக்கு மனம் கூர்மையாக இருக்கும். முப்பதாவது பெயர் வரும்போது, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், இருக்க வேண்டியதைப் பார்த்துவிடும்.

இதற்கு நம் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் பதிவேட்டை உரக்க வாசிப்பார். மற்றொருவர் பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு 'டிக்' போட்டுக்கொண்டே வருவார். கண் தாவிவிடாமல் இருக்க வரியின் அடியில் ஓர் அடிக்கோலை வைத்துக்கொள்வதும் உண்டு. இது எளிய வழியே தவிர மட்டமான வழி அல்ல. ஒரே ஒரு குறை: காதால் கேட்கும்போது ஆங்கிலத்தில் 'எச்' போட்டு எழுதிய சாந்தியும், 'எச்' போடாமல் எழுதிய சாந்தியும் ஒன்றுபோலவே ஒலிப்பார்கள்.

என் அத்தையின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அத்தை வேறோர் ஊரில், வேறொரு பள்ளியில் படித்தவர். அவருடைய சான்றிதழில் தாத்தாவின் பெயருக்குரிய 'எஸ்' என்ற முன்னெழுத்துக்குப் பதிலாக 'ஜே' என்று அச்சாகி வந்துவிட்டது. எப்படி வந்தது? பட்டியலைப் பார்த்து எழுதியவரின் கண் ஒரு வரி மேலே தாவி, முந்தைய பெண்ணின் முன்னெழுத்தை எடுத்து அத்தைக்கு வைத்துவிட்டதாம். சான்றிதழ் கைக்கு வந்தபோது வீட்டில் எல்லோரும் மதிப்பெண்ணைத்தான் பார்த்தார்கள். முன்னெழுத்தை யாரும் பார்க்கவில்லை. வேலைக்கு விண்ணப்பம் போட்டபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அதன்பின் அத்தை எத்தனை படிகள் ஏறி இறங்கினார், எத்தனை நகல்களுக்குக் கையொப்பம் வாங்கினார் என்பதை அவர் வாயால் கேட்க வேண்டும். "அரை மணி நேரம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும்" என்று இன்றும் சொல்வார். நான் இந்தப் பொருளைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்பது கணக்கு வழக்கில் புதிய சங்கதி அல்ல. 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் லூகா பாச்சோலி என்ற பிரான்சிஸ்கன் சபைத் துறவி ஒரு கணித நூலை அச்சிட்டு வெளியிட்டார். வெனிஸ் வணிகர்கள் பற்று ஒரு பக்கமும் வரவு ஒரு பக்கமுமாக எழுதிவந்த இரட்டைப் பதிவுக் கணக்கு முறை அந்நூலில்தான் முதன்முதலாக அச்சில் விரிவாக விளக்கப்பட்டது. இரு பக்கமும் கூட்டினால் சமமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை. பிழை தானாகவே கண்ணில் படும்படி தாளை அமைப்பதுதான் அந்த முறையின் சூட்சுமம். ஆங்கிலத்தில் 'ஸ்ப்ரெட் ஷீட்' என்ற சொல்லும் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்ததே. எதிரெதிரான இரண்டு பக்கங்களை விரித்து, இரண்டிலும் சேர்ந்தாற்போல் எழுதிய பெரிய தாளுக்கு அந்தப் பெயர்.

அந்தத் தாளைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்தவர்கள் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற இரண்டு அமெரிக்க நண்பர்கள். பிரிக்லின் 1978-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்தார். கரும்பலகையில் கட்டம் கட்டமாக எழுதிய கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருக்கிறதே, தானாகவே மாறினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. 1979-இல் 'விசிகால்க்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதில் 63 நிரல்களும் 254 நிரைகளும் உண்டு. ஆனால் அது ஓடிய 'ஆப்பிள் 2' கணிப்பொறியின் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துகளே தெரியும். ஒரு நிரலுக்கு ஒன்பது எழுத்து என்று வைத்தால் ஒரே நேரத்தில் நான்கு நிரல்கள், அவ்வளவுதான். பெரிய மைதானத்தைச் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல!

இந்தத் துவாரத்தை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு வியப்பாக இருக்கிறது. திரையை இரண்டாகப் பிளந்து, தாளின் ஒரு பகுதியை ஒரு சாளரத்திலும் வேறொரு பகுதியை மற்றொரு சாளரத்திலும் காட்டும் வசதியை விசிகால்க்கிலேயே வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் பிளக்கலாம், மேலும் கீழுமாகவும் பிளக்கலாம். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகரும்படி இணைக்கலாம். வேண்டாமென்றால் இணைப்பைப் பிரிக்கலாம். இன்று நாம் எக்ஸெல்லில் காணும் ஏற்பாட்டின் வித்து முழுவதும் அதிலேயே இருக்கிறது. இத்தனைக்கும் அந்தத் திரை இன்றைய கைப்பேசி காட்டுவதைவிடக் குறைவாகவே காட்டியது.

பின்னால் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸெல் 1985-இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கும், 1987-இல் விண்டோஸுக்கும் வந்தது. 1985-இல் வெளிவந்த விண்டோஸின் முதல் பதிப்பில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற முடியாது; தரையில் ஓடு பதித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். ஒன்றையொன்று மறைக்கும் சாளரங்கள் 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பில் வந்தன. எல்லோரும் அதை முன்னேற்றம் என்றார்கள். முன்னேற்றம்தான். ஆனால் நம்முடைய பட்டியல் வேலைக்கு ஓடு பதித்த முறையே மேல். எக்ஸெல்லில் இரண்டு கோப்புகளை அருகருகே வைத்துச் சேர்ந்து நகர்த்தும் கட்டளை 2003-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஒவ்வொரு கோப்பும் தனித்தனிச் சாளரத்தில் திறக்கிறது.

இனி, செய்முறைக்கு வருவோம். நம் பள்ளிக் கணிப்பொறி அறையில் செய்து பார்த்து எழுதுகிறேன்.

முதலில் இரண்டு கோப்புகளையும் திறக்க வேண்டும். பதிவேடு ஒன்று, தேர்வுப் பட்டியல் ஒன்று. மேலே உள்ள தலைப்புகளில் 'வியூ' என்பதை அழுத்தினால் அதன் கீழே 'வியூ சைடு பை சைடு' என்ற கட்டளை இருக்கும். ஒரே ஒரு கோப்பு மட்டும் திறந்திருந்தால் அது மங்கலாகத் தெரியும், அழுத்த முடியாது. மூன்று, நான்கு கோப்புகள் திறந்திருந்தால் எதனோடு ஒப்பிட வேண்டும் என்று நம்மையே கேட்கும். அழுத்தியதும் இரண்டு பட்டியல்களும் திரையைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கும். கூடவே 'சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்' என்பதும் தானாக உயிர்பெறும். ஒன்றை மேலே தள்ளினால் மற்றதும் மேலே போகும். இரண்டு பேர் கைகோத்துப் படியிறங்குவதுபோல் ஒரே சீராக இறங்கும்.

பெரும்பாலும் அவை ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் முதலில் நிற்கின்றன. இடமும் வலமுமாக நிறுத்த வேண்டுமானால் அதே 'வியூ' தலைப்பில் உள்ள 'அரேஞ்ஜ் ஆல்' என்பதை அழுத்தி, 'வெர்ட்டிகல்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே பலரும் குழம்புகிறார்கள். 'ஹரிசாண்டல்' என்றால் கிடைமட்டம் ஆயிற்றே, அருகருகே வரும் என்று எண்ணி அதை அழுத்துவார்கள். அது மேலும் கீழுமாக வைக்கும். சாளரங்களுக்கு நடுவே ஓடும் கோடு படுத்திருக்கிறதா, நிற்கிறதா என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

எது நல்லது? அது தாளைப் பொறுத்தது. பெயரும் முன்னெழுத்தும் தேதியும் மட்டும் உள்ள ஒல்லியான நீளப் பட்டியலுக்கு இடம் வலமாக வைப்பதே சிறந்தது. ஐந்து பாட மதிப்பெண், மொத்தம், வருகை நாள் என்று அகன்று போகும் தாளை அப்படிப் பாதியாக்கினால் பாதி நிரல்கள் விளிம்பில் மறைந்துவிடும். அதை மேலும் கீழுமாக வைக்க வேண்டும். தேவையற்ற நிரல்களை மறைத்து வைப்பதும், 'கன்ட்ரோல்' விசையை அழுத்திக்கொண்டு மவுஸின் சக்கரத்தை உருட்டி எழுத்தைச் சிறிதாக்குவதும் உதவும். மிகவும் சிறிதாக்க வேண்டாம். 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும் அளவுக்கு எழுத்து சிறுத்தால் அருகருகே வைத்தும் பயனில்லை.

தாளை நகர்த்தும்போது தலைப்பு வரியும் மேலே போய் மறைந்துவிடும். பிறகு எது தந்தையின் பெயர், எது தாயின் பெயர் என்றே தெரியாது. அதற்கு 'ஃப்ரீஸ் பேன்ஸ்' என்ற கட்டளை. தலைப்பு வரி ஆணி அடித்ததுபோல் நிற்கும். கீழே உள்ளவை மட்டும் நகரும். அடிக்கோலுக்கும் ஒரு வழி உண்டு. 'ஷிஃப்ட்' விசையோடு இடைவெளிக் கட்டையை அழுத்தினால் நாம் இருக்கும் நிரை முழுவதும் நிறம் மாறி எடுப்பாகத் தெரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். இரண்டு பட்டியல்களும் ஒரே வரிசையில் இருந்தால்தானே ஒரே சீராக இறங்கும்? பதிவேடு சேர்ந்த வரிசையில் இருக்கும். தேர்வுப் பட்டியல் அகர வரிசையில் இருக்கலாம். ஆகவே இரண்டையும் ஒரே ஒழுங்கில் அடுக்கிக்கொள்ள வேண்டும். பெயரை வைத்து அடுக்குவதைவிட, பள்ளியின் சேர்க்கை எண்ணை வைத்து அடுக்குவதே உசிதம். எந்தப் பெயரின் எழுத்தில் பிழை இருக்கிறது என்று தேடுகிறோமோ அந்தப் பெயரையே நம்பி அடுக்கலாமா? முதல் எழுத்தே பிழையாக இருந்தால் அந்த மாணவி பட்டியலின் வேறொரு மூலைக்கு ஓடிவிடுவாள்.

அடுக்கும்போது ஓர் ஆபத்து உண்டு. ஒரு நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினால் அந்த நிரல் மட்டும் மாறும். மற்றவை அப்படியே நிற்கும். பெயர்கள் இடம் மாறி, தேதிகள் மாறாமல் நின்றால், ஒரே நொடியில் வகுப்பு முழுவதற்கும் பிறந்த தேதி மாறிவிடும்! எக்ஸெல் "பக்கத்து நிரல்களையும் சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கும். அதைப் படிக்காமல் தள்ளிவிடக் கூடாது. மூலக் கோப்பில் கை வைக்காமல் இரண்டுக்கும் ஒவ்வொரு நகல் எடுத்து, நகலில்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இவ்வளவும் செய்து இரண்டையும் சேர்த்து இறக்கிக்கொண்டே வரும்போது, பத்தொன்பதாம் நிரை வரை எல்லாம் ஜோடி ஜோடியாகப் பொருந்தி வரும். இருபதில் திடீரென்று இடப்பக்கத்தில் ஒரு பெயரும் வலப்பக்கத்தில் வேறொரு பெயரும் நிற்கும். அதன்பின் ஒன்றுகூடப் பொருந்தாது. கருவி கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கெடவில்லை. இருபதாம் இடத்தில் ஒரு மாணவி ஒரு பட்டியலில் இருக்கிறாள், மற்றதில் இல்லை என்று பொருள். நடுவில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவளாக இருக்கலாம். அல்லது, தேர்வு எழுத வேண்டியவள் விட்டுப்போயிருக்கலாம். ஒவ்வொரு கட்டமாகத் தேடினால்கூட இவ்வளவு பளிச்சென்று தெரியாது. அணிவகுப்பில் ஒருத்தி வராவிட்டால் அவளுக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஜோடி மாறிப்போவதில்லையா? அதுபோல.

அந்த இடத்தில் நிறுத்தி, விடுபட்டவள் யார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு 'சிங்க்ரனஸ் ஸ்க்ரோலிங்' என்பதை அணைத்து, ஒரு பட்டியலை மட்டும் ஒரு நிரை நகர்த்தி, மீண்டும் ஜோடி சேர்த்துவிட்டு, அதைத் திரும்ப இயக்க வேண்டும். அந்த ஒரு நிரை வித்தியாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டும் மறுபடி சேர்ந்து இறங்கும். ஒரு பட்டியலில் தலைப்பு இரண்டு வரி, மற்றதில் ஒரு வரி என்று இருந்தாலும் இதே உபாயம்தான்.

இரண்டு தனிக் கோப்புகளாக இல்லாமல் ஒரே கோப்புக்குள் காலாண்டுத் தேர்வு ஒரு தாளிலும் அரையாண்டுத் தேர்வு ஒரு தாளிலும் இருந்தால் என்ன செய்வது? 'வியூ' தலைப்பிலேயே 'நியூ விண்டோ' என்று ஒரு கட்டளை உண்டு. அதே கோப்புக்கு இன்னொரு சாளரம் திறக்கும். இது நகல் அல்ல என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரே தோட்டத்தை இரண்டு ஜன்னல்கள் வழியாகப் பார்ப்பதுபோல. ஒரு ஜன்னலில் கையை நீட்டிப் பூவைப் பறித்தால் அடுத்த ஜன்னலிலும் அந்தப் பூ இருக்காது. ஒரு சாளரத்தில் காலாண்டையும் மற்றதில் அரையாண்டையும் வைத்து முன்போலவே அருகருகே நிறுத்தலாம். முதல் சாளரத்தில் தலைப்பு வரிக்கு அடித்த ஆணி புதிய சாளரத்திலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும்.

"இவ்வளவு பாடு எதற்கு? கணிப்பொறியையே ஒப்பிடச் சொன்னால் ஆயிற்று" என்று சில தோழியர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இரண்டு கட்டங்களுக்கு நடுவே சமக்குறி போட்டுச் சூத்திரம் எழுதினால் சமமா, இல்லையா என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் வேண்டுமானால் 'எக்ஸாக்ட்' என்ற சூத்திரம் இருக்கிறது. ஆயிரம் பெயர்கள் என்றால் நிச்சயமாக அதைத்தான் பயன்படுத்த வேண்டும். எக்ஸெல் தாளில் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 10,48,576 நிரைகள் இருக்கின்றன; அத்தனையையும் கண்ணால் பார்க்க எந்த மனிதராலும் ஆகாது. ஆனால் இயந்திரம் 'சமம் இல்லை' என்று மட்டுமே சொல்லும். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் சமம் இல்லை. அப்பாவின் பெயரே மாறியிருந்தாலும் சமம் இல்லை. அதற்கு இரண்டும் ஒரே அளவான குற்றம். முன்னெழுத்து பெயருக்கு முன்னால் ஒன்றிலும் பின்னால் மற்றதிலும் இருந்தால் நமக்கு அது ஒரே பெண் என்று பார்த்தவுடன் தெரிகிறது. இயந்திரத்துக்குத் தெரியாது.

தேதியில் இன்னும் ஒரு விபரீதம் உண்டு. 05-08-2010 என்றால் நமக்கு ஆகஸ்டு 5. அமெரிக்க வழக்கப்படி அமைத்த கணிப்பொறியில் தட்டினால் அதே எண்கள் மே 8 ஆகிவிடும். அப்படி மாறிய தேதியும் ஒரு நல்ல தேதிதான். இல்லாத தேதி அல்ல. ஆகவே இயந்திரம் அதைத் தனியே எடுத்துக் குறை சொல்லாது. நாள் 12-க்கு மேற்பட்டவர்கள் தப்பித்தார்கள். 12-க்குள் பிறந்தவர்களின் நிரைகளை மட்டுமாவது அருகருகே வைத்து இரண்டு முறை பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஆகவே முதலில் சூத்திரம் போட்டுச் சந்தேகத்துக்கு உரியவற்றைப் பிரித்துக்கொண்டு, பிறகு அவற்றைச் சாளரங்களில் வைத்துக் கண்ணால் பார்ப்பதே இரண்டின் பலனையும் தரும்.

வேறொன்றையும் மறைக்கக் கூடாது. தேர்வுப் பட்டியலைச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தே தயாரித்திருந்தால், பதிவேட்டில் உள்ள பிழை பட்டியலிலும் அப்படியே இருக்கும். இரண்டும் அழகாகப் பொருந்தும். இரண்டும் பிழையாக இருக்கும். அருகருகே வைத்தால் இரண்டும் ஒன்றா என்றுதான் தெரியும். எது மெய் என்று தெரியாது. அதற்குப் பிறப்புச் சான்றிதழையே எடுத்தாக வேண்டும்.

எக்ஸெல் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். 'லிப்ரே ஆஃபிஸ்' இலவசமாகக் கிடைக்கிறது. அதிலும் 'விண்டோ' என்ற தலைப்பின் கீழ் 'நியூ விண்டோ' உண்டு. கூகுள் விரிதாளாக இருந்தால் இரண்டு உலாவிச் சாளரங்களில் திறந்துகொள்ளலாம். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதற்கொண்டு, விண்டோஸ் விசையோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் எந்தச் சாளரமும் இடப் பாதிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். வலது அம்புக்குறியானால் வலப் பாதி. சேர்ந்து நகராது, அதை மட்டும் நாமே கையால் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் கைப்பேசி மட்டும் இருக்கிறது என்றால் இரண்டு கைப்பேசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரே கைப்பேசியின் திரையைப் பிளப்பதைவிடக் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

இரண்டு சாளரங்கள் திறந்திருக்கும்போது எதில் தட்டச்சு செய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பதிவேட்டின் நகலைப் படிக்க மட்டும் முடியும்படி திறந்து வைத்தால் தெரியாமல்கூட அதை மாற்றிச் சேமித்துவிட முடியாது. திருத்தங்களை அங்கேயே செய்யாமல், ஒரு காகிதத்தில் சேர்க்கை எண்ணோடு குறித்துக்கொண்டு, முடிந்தபின் ஆசிரியையிடம் கொடுப்பதே முறை. வேலை முடிந்ததும் 'வியூ சைடு பை சைடு' என்பதை மறுபடி அழுத்தினால் திரை பழையபடி ஆகிவிடும். 'நியூ விண்டோ' திறந்திருந்தால் அதில் ஒன்றை மூடிவிட்டுச் சேமியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போதும் இரண்டு சாளரங்களாகவே திறந்து, அடுத்து வருபவர் இரண்டு கோப்புகள் இருப்பதாக நினைத்துத் திகைப்பார்.

பட்டியலின் அச்சுப் படி கையொப்பத்துக்காக வகுப்புக்கு வரும்போது அது காகிதமாகத்தான் வரும். அன்றைக்கு வீட்டிலிருந்து பிறப்புச் சான்றிதழின் நகலைக் கொண்டுவந்து, அந்தத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தோழியரே. பெயரை எல்லோரும் பார்ப்போம். நீங்கள் முன்னெழுத்தையும் தேதியையும் முதலில் பாருங்கள்.